புஸ்ஸி வீதியிலிருந்து பறவைகளின் புல்வெளிக்கு: ஜூதித் கோத்தியேயைத் தேடி ஆறு நாள்

முதல் நாள், திங்கள். பாரிஸ், லா ஷப்பேல்

புதுச்சேரியில் புஸ்ஸி வீதிக்கு இப்போது லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று பெயர். பலகையில் மட்டும். ஆட்டோக்காரரிடம் புஸ்ஸி வீதி என்று சொன்னால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். அந்த வீதிக்குப் பின்னால் வளர்ந்தவள் நான். புஸ்ஸி யார் என்று நாற்பது வயதுவரை எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

என் பிழைப்பு மொழிபெயர்ப்பு. இலக்கியம் இல்லை. பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பாகப்பிரிவினைப் பத்திரம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய. காகிதம் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் போய்க்கொண்டே இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சொல்தா வீட்டைக் காலி செய்தார்கள். தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். எனக்குத் தரவேண்டிய கூலிக்கு மேல் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய புத்தகமும் கொடுத்தார்கள். செல் அரித்தது போக மிஞ்சியதில் ஒரு நாவல், பெயர் 'சொர்க்கத்தைக் கைப்பற்றுதல்'. கதாநாயகன் நம்ம புஸ்ஸி! 1750இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த, 1785இல் புதுச்சேரியிலேயே இறந்துபோன அதே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. நாவலில் அவர் ஊர்வசி என்ற பெங்களூர் ராணியைக் காதலிக்கிறார். எழுதியது ஒரு பெண், 1887இல். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்.

பெங்களூருக்கு ஏது ஊர்வசி என்று சிரித்துவிட்டு மூடியிருப்பேன். ஆனால் அதே பெண் 22 வயதில் சீனக் கவிதைகளைப் பிரெஞ்சில் தந்து, ஐரோப்பா முழுக்க அதை எடுத்து ஆள வைத்தவர் என்று பிறகு தெரிந்தது. சீனாவையும் அவர் பார்த்ததில்லை, ஜப்பானையும் பார்த்ததில்லை. ஜூதித் கோத்தியே, 1845 – 1917. அப்புறம் அவரை விட முடியவில்லை. இந்த வருடம் லீவு போட்டு, சேர்த்து வைத்ததை எடுத்து வந்துவிட்டேன்.

தங்கியிருப்பது சித்தி மகள் வீட்டில், வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேலில். கீழே இறங்கினால் முருங்கைக்காய், வாழைப்பூ, நகைக்கடை, கொத்துரொட்டி தட்டும் சத்தம். பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் கடைகள். "அக்கா, பாரிஸுக்கு வந்து யாராவது செத்துப்போன எழுத்தாளம்மா வீட்டைத் தேடுவாங்களா? ஐஃபிள் கோபுரம் பார்க்கலையா?" என்றாள். பார்க்கலாம், தூரத்திலிருந்தே தெரிகிறதே.

இரண்டாம் நாள், செவ்வாய். ரிஷெல்யே வீதி

தேசிய நூலகத்தின் பழைய கட்டடம் ரிஷெல்யே வீதியில் இருக்கிறது. அன்று அதன் பெயர் பேரரசு நூலகம். முட்டை வடிவப் பெரிய வாசிப்புக் கூடத்துக்குள் இப்போது யாரும் போகலாம், காசு கிடையாது. பக்கத்தில் மெல்லிய இரும்புத் தூண்கள் தாங்கும் இன்னொரு கூடம், லப்ரூஸ்த் கட்டியது. அது திறந்தது 1868இல். ஜூதித்தின் சீனக் கவிதைத் தொகுப்பான 'பச்சைக்கல் புத்தகம்' வந்தது 1867இல். ஆகவே எல்லாரும் படமெடுக்கும் அந்த அழகான கூடத்தில் அவர் அந்த வேலையைச் செய்யவில்லை. எனக்கு இது ஏனோ ஆறுதலாக இருந்தது. நல்ல வேலை நடப்பது பெரும்பாலும் வெளிச்சம் போதாத அறைகளில்தான்.

கதை இப்படி. ஜூதித்தின் அப்பா தெயோஃபில் கோத்தியே, அந்தக் காலத்தில் பெயர்போன கவிஞர், பத்திரிகைக்காரர். அம்மா எர்னெஸ்தா கிரிஸி, இத்தாலியப் பாடகி. பெரியவர்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா வழியில் கார்லோத்தா கிரிஸி என்ற நடனக்காரி உறவு. 'ஜிசேல்' பாலேயில் முதன்முதல் ஜிசேலாக ஆடியவர். இப்படிப்பட்ட வீட்டுக்கு 1863 வாக்கில் ஒரு சீனர் வந்து சேர்கிறார். திங் துன்லிங். பிரெஞ்சுக்காரர்கள் 'டின்-டுன்-லிங்' என்று எழுதினார்கள். சான்சி மாகாணத்துக்காரர். சீன-பிரெஞ்சு அகராதி செய்ய காலெரி என்ற முன்னாள் பாதிரியார் அவரைக் கூட்டி வந்தார். 1862இல் காலெரி இறந்துவிட்டார். அகராதியும் நின்றது, சம்பளமும் நின்றது. மொழி தெரியாத ஊரில் நடுத்தெருவில் ஒரு ஆள். தெயோஃபில் அவரை வீட்டில் வைத்துக்கொண்டு மகளுக்குச் சீனம் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். பெண்ணுக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். சின்ன வயதில் அவருக்குப் பட்டப்பெயர் 'புயல்'.

காலத்தையும் கவனிக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால், 1860இல், பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் பீகிங்கின் கோடைக்கால அரண்மனையைக் கொள்ளையடித்திருந்தன. அங்கிருந்து வந்த பொருள்களை வைத்து ஃபோந்தேன்ப்ளோ அரண்மனையில் மகாராணி யூஜெனி ஒரு சீன அறை திறந்தது 1863இல். ஊரே சீனச் சாமான்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இந்த இரண்டு பேரும் இங்கே வந்து சீனப் புத்தகங்களைத் தேடி எடுத்து, கவிதைகளைக் கையால் நகல் எழுதிக்கொண்டு போனார்கள்.

எனக்கு ஆனந்தரங்கப் பிள்ளை ஞாபகம் வந்தார். புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷ். துபாஷ் என்றால் இரண்டு பாஷைக்காரன். 1736இலிருந்து 1761வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினாரே, அவரேதான். பிள்ளை தன் நாட்குறிப்பை விட்டுப்போகாமல் இருந்திருந்தால், துரைமார் எழுதிய கடிதங்களின் ஓரத்தில் ஒரு பெயராகத்தான் மிஞ்சியிருப்பார். திங்குக்கு அப்படி ஒரு நாட்குறிப்பு இல்லை. 1875இல் ஒரு சிறு கதைநூல் அவர் பெயரில் வந்தது. அதே வருடம் இரண்டு கல்யாணம் செய்ததாக அவர்மேல் வழக்கு வந்தது, விடுதலையானார். 1886இல் பாரிஸிலேயே இறந்தார். ஊர் திரும்பவே இல்லை.

இரண்டாம் நாள், ராத்திரி

தூக்கம் வரவில்லை. தேசிய நூலகம் பழைய புத்தகங்களை இணையத்தில் போட்டிருப்பதால் 1867 பதிப்பு என் போனிலேயே இருக்கிறது. அட்டையில் கோத்தியே என்ற பெயர் இல்லை. 'ஜூதித் வால்டர்' என்று இருக்கிறது. கோத்தியே என்பதும் வால்டர் என்பதும் ஒரே பெயரின் இரண்டு உடுப்பு. அப்பா பெயரில் விலைபோக வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

71 கவிதைகள், ஏழு பகுதி: காதலர்கள், நிலா, இலையுதிர்காலம், பயணிகள், மது, போர், கவிஞர்கள். எதுகை, சந்தம் எதுவும் இல்லை. சின்னச் சின்ன உரைநடைப் பத்திகள், நடுவில் நிறைய வெள்ளை. அடிக்குறிப்பு ஒன்றுகூட இல்லை. ஐந்து வருடம் முன்னால், 1862இல், எர்வே துசேன்-துனி என்ற அறிஞர் தாங் காலத்துக் கவிதைகளை மொழிபெயர்த்திருந்தார். அதில் முன்னுரையும் விளக்கமும் வண்டி வண்டியாக உண்டு. அது மதிக்கப்பட்டது, இதை மனிதர்கள் மனப்பாடம் செய்தார்கள். கவிஞர் வெர்லேன் அந்த வருடமே மதிப்புரை எழுதினார்.

கவிதைத் தலைப்புக்குக் கீழே கவிஞர் பெயர் வரும் விதம்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. 'லி-தாய்-பே எழுதியது' என்று போடவில்லை (இன்று லி பை என்று எழுதுகிறோமே, அந்தத் தாங் காலத்துக் கவிஞர்தான்). 'லி-தாய்-பே சொன்னபடி' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லைப் போட்டிருக்கிறார். எங்கள் தொழிலில் 'அசலுக்கு ஏற்ப உள்ளது' என்று முத்திரை குத்துவோம். இவர் குத்தவில்லை. தொல்காப்பியம் வழிநூல் நான்கு வகை என்று சொல்லும்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, நான்காவது 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்'. அதர் என்றால் வழி. மொழியை மாற்றினால் போதாது, ஒரு வழியில் போகும்படி கட்டவும் வேண்டும். இந்தப் பெண் கட்டியிருக்கிறார். சில இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே.

'பீங்கான் மண்டபம்' என்ற கவிதையைப் பாருங்கள். செயற்கைக் குளத்தின் நடுவில் பச்சையும் வெள்ளையுமாகப் பீங்கானில் ஒரு மண்டபம். புலி முதுகைப்போல வளைந்த பச்சைக்கல் பாலம் வழியாகப் போக வேண்டும். உள்ளே நண்பர்கள் மது குடித்து, பேசி, கவிதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள், தொப்பியைப் பின்னால் தள்ளி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு. தண்ணீரில் பாலம் பிறை நிலாவாகத் தெரிகிறது, நண்பர்கள் தலைகீழாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிரமாதமான படம்.

அறிஞர்கள் தேடிப்போய் லி பையின் அசலைப் பிடித்தார்கள். தலைப்பு 'தாவ் குடும்பத்து மண்டபத்தில் விருந்து'. தாவ் என்பது வீட்டுக்காரரின் குடும்பப் பெயர். அதே எழுத்துக்கு மண்பாண்டம் என்றும் பொருள் உண்டு. அவ்வளவுதான்! திரு. தாவின் மண்டபம் பீங்கான் மண்டபம் ஆகிவிட்டது. அசலில் குளம் உண்டு, கண்ணாடி போன்ற தண்ணீர் உண்டு, மரத்தில் பூ உண்டு. புலி முதுகுப் பாலம் இல்லை, தலைகீழ் நண்பர்களும் இல்லை.

சிரிப்பதற்கு எனக்குத் தகுதி கிடையாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பத்திரத்தில் 'வாழைக்குளம்' என்று இருந்தது. எங்கள் ஊரில் அது ஒரு பேட்டையின் பெயர், குழந்தைக்குக்கூடத் தெரியும். ராத்திரி பதினொரு மணி, அவசரம். பிரெஞ்சில் 'வாழை மரங்கள் உள்ள குளம்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். பிரான்சிலிருந்து ஒரு நொத்தேர், அதாவது சொத்துப் பத்திரம் பார்க்கும் சட்ட அலுவலர், கேட்டு எழுதினார்: அந்தக் குளத்தின் பரப்பளவு எவ்வளவு, சொத்து மதிப்பில் அதைச் சேர்த்திருக்கிறதா? திருத்தம் போட்டு, மன்னிப்புக் கேட்டு, முத்திரைச் செலவையும் நானே ஏற்றேன்.

என் குளம் வற்றிவிட்டது. ஜூதித்தின் மண்டபம் நின்றுவிட்டது. பிரெஞ்சிலிருந்து ஜெர்மனுக்குப் போய், 1907இல் ஹான்ஸ் பேத்கேயின் 'சீனப் புல்லாங்குழல்' தொகுப்பில் ஏறி, அதை இசையமைப்பாளர் மாலர் எடுத்து 'பூமியின் பாடல்' என்ற பெரிய இசைப்படைப்பில் மூன்றாவது பகுதியாகச் சேர்த்துவிட்டார். 1911இல் ம்யூனிக்கில் முதல்முறை வாசித்தபோது மாலர் உயிரோடு இல்லை. இன்றும் உலகத்தில் எங்கோ ஒரு மேடையில் அந்தப் பீங்கான் மண்டபத்தைப் பாடிக்கொண்டிருப்பார்கள். தாவ் குடும்பத்துக்காரர் யார் என்று யாருக்கும் கவலை இல்லை.

மூன்றாம் நாள், புதன். நெய்யி, வாஷிங்டன் வீதி

காலையில் மெட்ரோ பிடித்து நெய்யிக்குப் போனேன். லோன்ஷான் வீதி, 32ஆம் எண். கோத்தியே குடும்பம் இருந்த இடம், திங் பாடம் சொன்ன இடம். அமைதியான பணக்காரத் தெரு. வாசலில் நின்று பார்த்தேன், ஒரு நாய் குரைத்தது, திரும்பினேன்.

இங்கே இருந்தபோதுதான், 1864இல், எட்கர் ஆலன் போவின் 'யுரேகா'வைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர் கவிஞர் போத்லேர். கட்டுரையைப் படித்துவிட்டு அந்தப் பெண்ணுக்கே போத்லேர் நன்றிக் கடிதம் எழுதினார். சீனக் கவிதைகளைப் பத்திரிகையில் வெளியிடத் தொடங்கியதும் அதே வருடம்தான். 1866இல் கத்யூல் மாந்தேஸ் என்ற கவிஞரைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்பாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, கல்யாணத்துக்கே போகவில்லை. அப்பா சரியாகத்தான் கணித்திருந்தார்: சில வருடங்களில் பிரிந்தார்கள், 1896இல் விவாகரத்து.

மத்தியானம் ஷான்ஸெலிஸே பக்கம் வாஷிங்டன் வீதி, 30ஆம் எண். ஐந்தாம் மாடியில் பல வருடம் குடியிருந்தார். மெழுகில் பொம்மை செய்து ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகங்களைப் பொம்மலாட்டமாக நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியதும் இங்கேதான். லிஃப்ட் இல்லாத காலத்தில் ஐந்து மாடி ஏறி வந்து பொம்மை பார்த்திருக்கிறார்கள் என்றால் நல்ல பொம்மையாகத்தான் இருந்திருக்கும்.

வாக்னர் என்றதும் ஒரு எரிச்சல். ஜூதித்தைப் பற்றி எதை எடுத்தாலும் முதல் பத்தியில் வருவது அவரைக் காதலித்த ஆண்களின் பட்டியல். வயதான எழுத்தாளர் விக்தர் யூகோ 1872இல் அவருக்காக ஒரு சானெட் எழுதினார். வாக்னர் கடிதம் எழுதி, 'பார்சிஃபால்' இசை நாடக வேலைக்கு நடுவில் பட்டுத்துணியும் வாசனைத் திரவியமும் வாங்கி அனுப்பச் சொன்னார். சார்ஜென்ட் ஓவியம் தீட்டினார். அழகி, தேவதை, உத்வேகம். எல்லாம் சரி, அந்த அம்மாள் ஐம்பது வருடம் உட்கார்ந்து எழுதினாரே, அது எந்தப் பத்தியில் வரும்? 1910இல், இலக்கியப் பரிசு தரும் கோன்கூர் அகாதெமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், அதன் முதல் பெண் உறுப்பினர். அடுத்த பெண் கொலெத் அங்கே நுழைய 1945 ஆனது. பிரெஞ்சு அகாதெமியோ 1980வரை எந்தப் பெண்ணையும் சேர்க்கவில்லை. இதை முதல் பத்தியில் போடலாமே.

சாயங்காலம் வோழ் சதுக்கத்தில் யூகோவின் வீடு. அவரே வடிவமைத்த சீன அறையைப் பார்த்தேன்: சுவர் முழுக்கப் பலகையில் வரைந்த சீன முகங்கள், தட்டுகள். கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. சீனா என்றால் இவர்களுக்குத் தட்டு. கோடை அரண்மனைக் கொள்ளையைக் கண்டித்து 1861இல் காட்டமாகக் கடிதம் எழுதியவரும் இவர்தான் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நான்காம் நாள், வியாழன். சேன்-மாலோ

மோன்பர்னாஸில் ரயில் ஏறி சேன்-மாலோ. இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. இறங்கியதும் மழை. கிடைமட்டமாக அடிக்கும் பிரெத்தாஞ் மழை; குடை சட்டைப்பை மாதிரி உள்பக்கம் திரும்பிக்கொண்டது.

இது புஸ்ஸியின் கூட்டாளிகள் ஊர். 1746இல் சென்னையைப் பிடித்த மாஹே த லா பூர்தொனே இங்கே பிறந்தவர். சென்னையைப் பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதா, வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் துய்ப்ளேக்ஸுக்கும் நடந்த சண்டை பிள்ளையின் நாட்குறிப்பில் அன்றன்றைக்கு ஓடும். எங்கள் ஊரில் அவர் பெயரிலும் ஒரு வீதி உண்டு. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் வந்தும் வீதிப்பெயர்கள் என்னை விடவில்லை.

இங்கே கடல் ஏற்ற இறக்கம் நம்ப முடியாதது. பெரிய ஏற்றத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர் வித்தியாசம் வரும் என்கிறார்கள். மூன்று மாடி உயரம்! புதுச்சேரியில் ஒரு மீட்டர் மாறினாலே மீனவர் கூட்டம் போடுவார்கள். மத்தியானம் தரையாகக் கிடந்த இடத்தில் ஐந்து மணிக்கு அலை மோதியது. எதிர்க்கரையில் தினார் விளக்குகள்; ஜூதித்தின் கடலோர வீடு அந்தப் பக்கம்தான். படகில் போனால் பத்து நிமிடம்தான். காற்று பலமாக இருந்ததால் படகு ஓடவில்லை. சரி, நாளைக்குப் பஸ்.

விடுதியில் ஈரக் காலுறையை ஹீட்டர்மேல் காயப்போட்டுவிட்டு, கடையில் வாங்கிய பக்வீட் தோசையைத் தின்றேன். அவர்கள் கலேத் என்கிறார்கள். நம்ம கேழ்வரகு தோசைக்குச் சித்தப்பா மகன். மிளகாய்ப்பொடி இருந்திருந்தால் நான்கு தின்றிருப்பேன்.

ஐந்தாம் நாள், வெள்ளி. சேன்-தெனொகா

பஸ் ரான்ஸ் நதி முகத்துவாரத்து அணை மேலேயே போகிறது. கடல் ஏற்றத்தை வைத்து மின்சாரம் எடுக்கும் அணை, 1966இலிருந்து ஓடுகிறது, 240 மெகாவாட். ஓட்டுநர் அணையைக் கடக்கும்போது கதவு திறந்து கப்பல் போக வழிவிட வேண்டியிருந்தது. கால்மணி நேரம் நின்றோம். யாருக்கும் அவசரம் இல்லை.

தினாரில் இறங்கி மேற்கே நடந்தால் சேன்-தெனொகா. அன்று தனி ஊர், இன்று தினாரில் ஒரு பகுதி. 1877இல் ஜூதித் இங்கே கடலோரம் நிலம் வாங்கி வீடு கட்டினார். 'பறவைகளின் புல்வெளி' என்று பெயர் வைத்தார். கோடைகாலமெல்லாம் இங்கே. 1880களில் சார்ஜென்ட் இங்கே வந்தபோதுதான், காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஜூதித்தை வரைந்தார். இன்றைக்கு நானும் அதே காற்றில் அதே மாதிரி என் கம்பளித் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓவியம் வரையத்தான் ஆள் இல்லை.

அந்த இடம் இப்போது தனியார் சொத்து. உள்ளே போகக் கேட்கவில்லை. பக்கத்தில் கடற்கரைக்கு இறங்கும் பாதையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கீழே மணல், மஞ்சள் பாசி பிடித்த பாறை, தண்ணீர் வற்றிய குட்டைகளில் விரல்நுனி அளவு நண்டு. ஒரு குட்டையில் வானம் முழுதாகக் கிடந்தது. அதில் ஒரு சிறுவனும் அவன் அம்மாவும் தலைகீழாக நடந்துபோனார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மாதிரிக் குட்டைகள் பக்கத்தில் அவர் வீடு கட்டியதற்குப் பத்து வருடம் முன்பே அந்தக் கவிதை வந்துவிட்டது, எனக்குத் தெரியும். இருந்தாலும்.

இந்த வீட்டுக் காலத்தில் வந்த இன்னொரு புத்தகம் 'தும்பிக் கவிதைகள்', 1885. தான்கா என்ற ஜப்பானியக் குறுங்கவிதைகள் 88. இதற்கும் ஒரு துபாஷ் உண்டு, ஆனால் ரொம்பப் பெரிய இடத்துத் துபாஷ்: சையோன்ஜி கின்மோச்சி, பிரான்சில் படித்த பிரபு, பிற்பாடு ஜப்பானின் பிரதமர். அவர் சொல்லுக்குச் சொல் பொருள் சொல்ல, ஜூதித் அதை 5-7-5-7-7 அசைக்குள் பிரெஞ்சில் அடைத்தார், எதுகையோடு. படம் வரைந்தவர் யாமாமோத்தோ ஹோசுய். பக்கத்துக்குப் பக்கம் வண்ணத்தில் பூவும் பறவையும் எழுத்தின் மேலேயே ஓடும். திங்கோடு செய்த புத்தகத்தில் இவ்வளவு அலங்காரம் கிடையாது. எனக்கு என்னவோ அந்தப் பழைய புத்தகம்தான் பிடித்திருக்கிறது. எண்ணி அடைத்த அசைகளில் மூச்சு கொஞ்சம் முட்டுகிறது.

கல்லறைத் தோட்டம் ஊருக்குள்ளேயே. மழை விட்டுவிட்டது. வரிசை தெரியாமல் சுற்றினேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மாளிடம் "மதாம், ஜூதித் கோத்தியே..." என்று ஆரம்பித்தேன். முடிக்குமுன் தண்ணீர்க் குவளையால் திசை காட்டினார். "நீங்கள் சீனாவா?" என்று வேறு கேட்டார். புடவைமேல் மழைக்கோட்டு போட்டிருந்த என்னைப் பார்த்து! இல்லை, புதுச்சேரி என்றேன். "ஆ, போந்திஷேரி" என்று தலையாட்டினார், ஏதோ அடுத்த ஊர் மாதிரி.

1917 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், போர் நடந்துகொண்டிருந்தபோது, ஜூதித் இந்த ஊரில் இறந்தார். அதே கல்லறையில் சுசான் மெயர்-ஸுந்தெல்லும் இருக்கிறார். 1904இல் ஜூதித்தைச் சந்தித்து, கடைசிவரை கூடவே இருந்த இளம் தோழி. ரொட்டியின் உள்சதையைப் பிசைந்து பூ செய்வாராம் சுசான், இதழ் இதழாக. அதற்குப் பெயர் வாங்கியவர். ஜூதித் போன பிறகு 54 வருடம் வாழ்ந்து, அந்தக் கால நினைவுகளைப் புத்தகமாக எழுதிவிட்டு, 1971இல் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

கல்லில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. வரும்போது ஊரிலிருந்து எதுவும் கொண்டுவரத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பையில் மிஞ்சிய ரொட்டித் துண்டைப் பிசைந்து ஏதாவது செய்யலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கடல்காகம் ஒன்று பார்த்துக்கொண்டே இருந்தது. விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள், சனி. ரயிலில்

பாரிஸுக்குத் திரும்பும் ரயில். எதிர் இருக்கையில் ஒரு கல்லூரிப் பையன் வாயைத் திறந்து தூங்குகிறான். நான் போனில் 'பச்சைக்கல் புத்தகம்' திறந்து வைத்திருக்கிறேன்.

லி பை, து ஃபு என்று பெரிய பெயர்களுக்கு நடுவில், பலரும் தாண்டிப்போகும் ஒரு கவிதை இருக்கிறது: 'ஆரஞ்சு இலைகளின் நிழல்'. கீழே பெயர்: டின்-டுன்-லிங் சொன்னபடி. ஆமாம், அவரேதான். தாங் காலத்துக் கவிராயர்கள் வரிசையில், நெய்யி வீட்டில் சோறு தின்று பாடம் சொன்ன வாத்தியாரையும் உட்கார வைத்திருக்கிறார் அந்தப் பெண். பிள்ளையாவது தன் கதையைத் தானே எழுதிவைக்க வேண்டியிருந்தது.

தமிழில் போட்டுப் பார்க்கிறேன்:

நாள் முழுக்கத் தனி அறையில் வேலை செய்கிற பெண்ணுக்கு, திடீரென்று பச்சைக்கல் குழலோசை கேட்டால் மனசு மெல்ல அசைகிறது;
யாரோ ஒரு பையனின் குரல் என்று நினைத்துக்கொள்கிறாள்.
சன்னல் காகிதம் வழியாக இலைகளின் நிழல் வந்து அவள் மடியில் உட்காருகிறது;
யாரோ தன் பட்டாடையைக் கிழித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறாள்.

'மடியில் உட்காருகிறது' தமிழில் தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது, அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. பச்சைக்கல்தான் உறுத்துகிறது. மரகதம் என்று போட்டால் ஓசை நன்றாக இருக்கும், ஆனால் கல் வேறு, வாழைக்குளம் கதைதான். ஜேட் என்றே விட்டால் நகைக்கடை விளம்பரம்போல இருக்கிறது. பச்சைக்கல்லே இருக்கட்டும்.

இலைக்கு என்ன செய்ய? ஆரஞ்சு என்றால் எனக்குப் பழம்தான் கண்ணில் வருகிறது, இலை வரவில்லை. கிச்சிலி என்று போட்டால் பாதிப்பேருக்கு அரிசி என்று தோன்றும். நாரத்தை என்றால் இலை வந்துவிடுகிறது: தடித்து, பளபளவென்று, முள்ளோடு. அப்படி ஒரு இலையின் நிழல் பட்டில் விழுந்தால் கிழிசல் மாதிரிதான் இருக்கும். ஆனால் நாரத்தை இலை என்றதும் அம்மா உரலில் இடிக்கும் வேப்பிலைக்கட்டியின் வாசனையும் சேர்ந்து வந்துவிடுகிறது. பெயரில் வேப்பிலை, உள்ளே ஒரு வேப்பிலைகூடக் கிடையாது. சீனத்துப் பெண் பட்டாடையோடு உட்கார்ந்திருக்கும் அறையில் தயிர்சோறு மணக்கும்.

மணக்கட்டுமே என்று ஒரு மனசு. வேண்டாம் என்று இன்னொரு மனசு. திங் துன்லிங் பக்கத்து இருக்கையில் இருந்தால் கேட்டுவிடலாம், நெய்யியில் அந்தப் பெண் கேட்ட மாதிரி: ஐயா, உங்கள் ஊரில் அந்த இலை எப்படி இருக்கும்?

லாவால் ஸ்டேஷனில் வண்டி நின்றிருக்கிறது. 'இலைகளின்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டு வைத்திருக்கிறேன்.